சின்ன ஊரில் பிளான் அப்ரூவல்: தாமதம் எங்கே தொடங்குகிறது?

அத்தையின் மனையை அளக்கப் போனபோது நல்ல மார்ச் மாத வெயில். பத்திரத்தில் "கிழமேல் இருபுறமும் அடி 30, தென்வடல் இருபுறமும் அடி 60" என்று இருந்தது. தெற்குப் பக்கம் டேப் பிடித்தோம், 30 அடி சரியாக வந்தது. வடக்கே 28 அடி 4 அங்குலத்தோடு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டு சுவர் எழுப்பியபோது நூல் கட்டிய கொத்தனார் கொஞ்சம் உள்ளே வந்திருக்கிறார். அவர் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. மனை இருபது வருடங்களுக்கு மேல் கருவேலம் மண்டிக் கிடந்தது, கல் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெருவையும் அளந்தோம். லேஅவுட் படத்தில் 23 அடி, நேரில் 19 அடி. எதிர்வீட்டு வாசற்படியும், வண்டி ஏற்றப் போட்ட சாய்வு மேடையும் மீதியை எடுத்துக்கொண்டிருந்தன.

கூட வந்த இன்ஜினியர் நோட்டில் குறித்துக்கொண்டே சொன்னார்: "அம்மா, பிளான் நான் நாளைக்கே போட்டுக் குடுத்துருவேன். வீட்டப் பத்தி அங்க பெருசா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மனையப் பத்தித்தான் கேப்பாங்க."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. அத்தைக்கு அனுமதி கிடைக்க 14 மாதம் ஆனது. அதில் வீட்டின் வரைபடத்துக்குச் செலவானது ஒரு வாரம்கூட இல்லை. மிச்சம் முழுக்க மண்ணுக்கான காகிதங்களுக்குப் போனது. சின்ன ஊர்களில் வீடு கட்டுகிறவர்கள் "அப்ரூவல் இழுத்தடிக்கிறார்கள்" என்று புலம்புவதைக் கேட்டால், பெரும்பாலும் இதே கதைதான். தாமதம் நகராட்சி அலுவலகத்தின் மேசையில் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அது பிறந்தது பல வருடங்களுக்கு முன், மனை பிரித்து விற்கப்பட்ட அன்று.

முதலில் இந்த அனுமதி என்பது என்ன என்று பார்த்துவிடலாம். நாம் பிளான் அப்ரூவல் என்று ஒரே பெயரில் சொல்வதற்குள் இரண்டு அனுமதிகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று திட்ட அனுமதி. இந்த இடத்தை இந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தலாமா என்பது அதன் கேள்வி. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் அது வருகிறது. இன்னொன்று கட்டட அனுமதி. எவ்வளவு உயரம், எத்தனை அடி தள்ளி, காற்றும் வெளிச்சமும் எப்படி, கழிவுநீர் எங்கே போகும் என்பதைப் பார்ப்பது அது. அதைத் தருவது நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பு. சாதாரண வீட்டுக்கு இரண்டும் உள்ளாட்சி வழியாகச் சேர்ந்தே வந்துவிடும். பெரிய கட்டடம் என்றால்தான் கோப்பு நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகும். நம் வாயில் அது டி.டி.சி.பி.

முன்பு நகராட்சிக்கு 1972ஆம் ஆண்டின் கட்டட விதிகள், ஊராட்சிக்கு 1997ஆம் ஆண்டின் கட்டட விதிகள் என்று தனித்தனியாக இருந்தன. ஊர் எல்லையில் ஒரே சாலையின் இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் இன்னொரு விதி. 2019 பிப்ரவரி 4 அன்று வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் சென்னை முதல் கடைக்கோடி ஊராட்சி வரைக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்தது. நகராட்சிகளை ஆண்டுவந்த 1920ஆம் ஆண்டுச் சட்டமும் 2023 ஏப்ரலில் விடைபெற்று, 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விதிகளைப் பொறுத்தவரை இன்று நிலைமை முன்பைவிடத் தெளிவு. மண் பற்றிய பதிவேடுகள்தான் அந்தத் தெளிவுக்கு வரவில்லை.

பட்டாவை எடுத்துக்கொள்வோம். பத்திரம் பதிந்துவிட்டால் மனை நம்முடையது என்று நினைத்து, பத்திரத்தை பீரோவில் பூட்டி வைப்பது பழைய வழக்கம். 1990களில் மனை வாங்கிய பலருக்குத் தனிப்பட்டா கிடையாது. ஒரு விவசாயி 3 ஏக்கரைப் பிரித்து 40 பேருக்கு விற்றிருப்பார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் 40 பத்திரங்கள் இருக்கும். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்த சர்வே எண் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும், அல்லது அவரோடு பத்துப் பதினைந்து பேர் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். அனுமதிக்குப் போகும்போது அவர்கள் கேட்பது உங்கள் பெயரில் பட்டா, உங்கள் மனையின் உட்பிரிவு தெரியும் புலப்படம். அது இல்லையென்றால் உட்பிரிவுக்கு விண்ணப்பித்து, சர்வேயர் வந்து அளந்து, கல் நட்டு, தாசில்தார் ஒப்புதல் ஆகி, கணினியில் ஏற வேண்டும். இப்போது முழு சர்வே எண்ணையும் வாங்கினால், விற்பவர் பெயரில் பட்டாவும் இருந்தால், பதிவு முடிந்ததும் பட்டா தானாகவே மாறிவிடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பிரித்து விற்ற மனைக்கு சர்வேயர் வந்தே ஆக வேண்டும். அவர்தான் ஊரெங்கும் தேடப்படும் ஆள்.

ஊருக்குள் பழைய தெருவில் வீடு இருந்தால் வேறு சிக்கல். அந்த இடம் நத்தமாக இருக்கும். நத்தம் என்பது ஊர் மக்கள் குடியிருக்க ஒதுக்கிய நிலம், தாத்தா காலத்திலிருந்து அனுபவித்து வருவதுதான் உரிமை. கையில் இருப்பது மனைவரித் தோராயப் பட்டா, அதில் பெயர் தாத்தாவின் பெயர். வாரிசுகள் ஆறு பேர், ஒருவர் மலேசியாவில். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் மாடி வீடு கட்ட நினைக்கிறவருக்கு, வரைபடம் போடும் முன் குடும்பமே உட்கார்ந்து பாகப்பிரிவினை பேச வேண்டியிருக்கிறது.

நகராட்சிகளில் நகர நில அளவை முடிந்திருந்தால் சர்வே எண்ணே மாறியிருக்கும். பத்திரத்தில் பழைய சர்வே எண், பதிவேட்டில் வார்டு, பிளாக், டி.எஸ். எண், அதாவது நகர அளவை எண். இரண்டும் ஒரே இடம்தான் என்று காட்டப் பதிவேட்டு நகல் எடுக்க வேண்டும். பல ஊர்களில் அந்த அளவை நடந்தபோது யார் அனுபவத்தில் இருந்தார்களோ அவர்கள் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள். வாடகைக்கு இருந்தவர் பெயர் ஏறிய இடங்களும் உண்டு. இதெல்லாம் பத்து வருடம், இருபது வருடம் யாருக்கும் உறைக்காது. வீடு கட்டப் போகும் அன்றுதான் உறைக்கும்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன், லேஅவுட். 1980களிலிருந்தே தமிழ்நாட்டின் சின்ன ஊர்களைச் சுற்றிப் புஞ்சைகள் மனைகளாகத் தொடங்கின. நில உரிமையாளரும் புரோக்கரும் சேர்ந்து ஒரு படம் வரைவார்கள், ஊராட்சித் தலைவர் அதில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைப்பார். "பஞ்சாயத்து அப்ரூவ்டு மனை" என்று போர்டு நட்டு, மாதத் தவணையில் விற்பார்கள். அத்தை 1996இல் வாங்கியது அப்படித்தான். வளையலை அடகு வைத்துக் கட்டிய தவணை அது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரவேண்டியது நகர் ஊரமைப்புத் துறை. அதன் ஒப்புதல் இல்லாமல் ஊராட்சித் தலைவர் தனியாகப் போட்ட கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. வாங்கியவர்களுக்கு இது தெரியாது. தெரிவிக்க வேண்டியவர்கள் தெரிவிக்கவும் இல்லை. பதிவுத்துறை பத்திரத்தைப் பதிந்தது, மின்வாரியம் கம்பம் நட்டது, ஊராட்சி வீட்டு வரி வாங்கியது. அரசாங்கத்தின் மூன்று கைகள் ஏற்றுக்கொண்ட ஒரு மனையை நான்காவது கை ஏற்காது என்று சாதாரண ஆள் எப்படி யோசிப்பார்? இந்த விஷயத்தில் மனை வாங்கியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

2016 செப்டம்பர் 9 அன்று, வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலங்கள் கட்டுப்பாடில்லாமல் மனைகளாவதைத் தடுப்பது நோக்கம். மாநிலம் முழுவதும் பத்திரப்பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. மகளின் கல்யாணத்துக்காக மனையை விற்கக் காத்திருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். பிறகு 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவு என்றால் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றது. அதற்கான கால அவகாசம் பலமுறை நீட்டிக்கப்பட்டது.

இந்த வரன்முறைக்கு இரண்டு படி உண்டு. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் அலைகிறார்கள். முதலில் மொத்த மனைப்பிரிவுக்கும் ஒரு சட்டகமாக டி.டி.சி.பி. ஒப்புதல் வேண்டும். எங்கே தெரு, எத்தனை மனை, எதில் ஏற்கனவே வீடு வந்துவிட்டது என்ற படம் அது. அப்புறம் ஒவ்வொரு மனைக்காரரும் தன் மனைக்குத் தனித்தனியாக உள்ளாட்சியில் பணம் கட்டி ஆணை வாங்க வேண்டும். அத்தையின் மனைப்பிரிவுக்கு முதல் படியை அங்கே ஏற்கனவே வீடு கட்டியிருந்தவர்கள் சேர்ந்து முடித்திருந்தார்கள். "மொத்தத்துக்கும் அப்ரூவல் ஆயிடுச்சாம்" என்று யாரோ சொன்னதை நம்பி அத்தை இரண்டாவது படியை விட்டுவிட்டார். அப்புறம் வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், அதற்கு மேல் காலிமனை வரி பாக்கி. காலிமனைக்கும் வரி உண்டு என்பதே அவருக்குப் புதுச் செய்தி. இந்த மூன்றுக்காகப் பழைய பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று ஒரு துணிப்பை நிறையக் காகிதத்தோடு ஐந்து மாதம் நடந்தோம்.

புதிதாக மனை வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள். தெருக்களையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீத இடத்தைப் பொதுவுக்கு ஒதுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடமாகவோ அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகவோ கொடுக்கலாம். தானப் பத்திரம் ஆகாத தெரு, காகிதத்தில் இன்னும் தனியார் நிலம். நாளைக்குப் பழைய உரிமையாளரின் பேரன் வந்து பூங்காவை மனையாக்கி விற்றால் தடுப்பது பெரும்பாடு. அப்படி விற்ற பூங்காக்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஊர் வளர்வதும் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகிய நான்கு நகராட்சிகளும் 2024 ஆகஸ்டில் மாநகராட்சிகளாயின. இப்படித் தரம் உயரும்போதும் எல்லை விரியும்போதும் சுற்றியுள்ள ஊராட்சிகள் நகரத்தோடு சேர்கின்றன. நேற்று வரை ஊராட்சி அலுவலகத்தில் இருந்த மனைப்பிரிவுப் பதிவேடுகள், வரி ரசீதுப் புத்தகங்கள், பழைய அனுமதி நகல்கள் எல்லாம் நகரத்துக்கு வர வேண்டும். சில வரும், சில வழியில் காணாமல் போகும். அத்தையின் மனை இருந்த ஊராட்சியும் நகராட்சியோடு சேர்ந்ததுதான். பழைய லேஅவுட் படத்தின் அசல் எங்கே என்று கேட்டபோது இங்கே அங்கே கையைக் காட்டினார்கள். கடைசியில் அதே மனைப்பிரிவில் வீடு கட்டியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் லேமினேஷன் செய்து சுவரில் மாட்டி வைத்திருந்த நகல்தான் உதவியது. சேலோ டேப் ஒட்டிய மடிப்பில் எங்கள் மனை எண் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

அலுவலகப் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சின்ன நகராட்சியில் நகரமைப்புப் பிரிவு என்பது இரண்டு மூன்று மேசை. ஒரே நகரமைப்பு ஆய்வாளர் பக்கத்து ஊரையும் சேர்த்துப் பார்ப்பது சகஜம். கள ஆய்வு, ஆக்கிரமிப்பு, கோர்ட் வழக்கு, விளம்பரப் பலகை எல்லாம் அவர் தலையில். கோப்பு நகராததற்கு எப்போதும் லஞ்சம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் லஞ்சம் இல்லை என்றும் சொல்ல முடியாது. அத்தையின் கோப்பில் "ஆபீஸ் செலவு" என்று ஒரு தொகையை இடைத்தரகர் கேட்டார். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை, ரசீதும் இல்லை. நாங்கள் கொடுக்கவில்லை. மூன்று மாதம் கூடுதலாக ஆனதற்கு அது காரணமா என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பின் நிலை கேட்டு ஒரு மனு போட்டோம், அதற்குப் பிறகு வேகம் வந்தது என்பது மட்டும் உண்மை.

இந்தச் சூழலில்தான் 2024 ஜூலை 22 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சுயசான்று முறையைத் தொடங்கிவைத்தார். 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி வீடு கட்ட, ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றி, நாமே உறுதிமொழி கொடுத்து, பணம் கட்டினால் அனுமதி உடனே வந்துவிடும். கியூஆர் குறியோடு ஆணை இறங்கும். பரிசீலனைக் கட்டணமும் உள்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் இல்லை, கட்டி முடித்தபின் வாங்கும் முடிவுச் சான்றும் தேவையில்லை. கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே கணக்கு, ஊரின் தரத்துக்கு ஏற்ப மாறும். சின்ன ஊர்களில் கட்டப்படும் வீடுகளில் பெரும்பங்கு இந்த அளவுக்குள்தான் இருக்கும். எனவே இது உண்மையிலேயே பெரிய மாற்றம். ஆபீஸ் படி ஏறாமல் வீட்டு அனுமதி என்பதை என் அப்பாவின் தலைமுறை நினைத்துக்கூடப் பார்த்திருக்காது.

ஆனால் இதில் மக்கள் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய முறையில் ஆய்வாளர் வந்து பார்த்தார், தவறு இருந்தால் திருப்பி அனுப்பினார். எரிச்சலாக இருந்தாலும் அது ஒரு வடிகட்டி. சுயசான்றில் அந்த வேலை நம்மிடமே வந்துவிட்டது. "இந்த மனை என்னுடையது, அளவு சரி, தெரு இவ்வளவு அகலம், விதிப்படி இடம் விட்டிருக்கிறேன்" என்று நாம் கையெழுத்துப் போடுகிறோம். பிறகு பொய் என்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும், பொறுப்பு முழுக்க நம்முடையது. இணையதளம் நம் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். வடக்கே 1 அடி 8 அங்குலம் குறைகிறது என்பதை அதனால் பார்க்க முடியாது. கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, யாரோ போட்ட பழைய வரைபடத்தில் பெயரை மட்டும் மாற்றி ஏற்றுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அனுமதி ஒரு நிமிடத்தில் வரலாம். அந்த மனைக்கு வழக்கு வந்தால் பத்து வருடம் ஓடும்.

வரைபடத்திலும் விதிகள் என்ன கேட்கின்றன, ஏன் கேட்கின்றன என்று தெரிந்தால் அதை ஏமாற்றத் தோன்றாது. 10 மீட்டருக்கும் குறைவான தெருவில் முன்பக்கம் 1.5 மீட்டர், அதாவது சுமார் 5 அடி விட வேண்டும். பக்கவாட்டில் எவ்வளவு என்பது மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. 30 அடி அகல மனையில் பக்கத்தில் இடம் விடுவது என்றால் ஒரு அறை போய்விட்டதைப் போல வலிக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அப்ரூவலுக்கு ஒரு பிளான், கட்டுவதற்கு வேறு பிளான் என்ற பழக்கம் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அந்தச் சந்தில்தான் காற்று வருகிறது, மோட்டார் பைப் ஓடுகிறது, தீப்பிடித்தால் ஆள் ஓடுகிறார். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளியில் கீற்றுக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் போனார்கள். கூரை எதனால் ஆனது, படிக்கட்டு எவ்வளவு அகலம் என்பதெல்லாம் ஒரு கட்டட அனுமதிக் கோப்பில் கேட்கப்படும் சலிப்பூட்டும் கேள்விகள். அந்த ஊர்க்காரர்களிடம் அவை சலிப்பான கேள்விகள் என்று யாரும் சொல்ல முடியாது.

அதைவிடப் பேசப்படாதது செப்டிக் டேங்க். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களே அதிகம். வரைபடத்தில் மூன்று அறை கொண்ட தொட்டி அழகாக இருக்கும். தரையில் ஆறேழு சிமென்ட் உறையை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் தளம் போடாமல் விட்டுவிடுவார்கள். நிரம்பாது, லாரி கூப்பிட வேண்டாம், செலவு மிச்சம். நிரம்பாததற்குக் காரணம், அது முழுக்க மண்ணில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. 20 அடி தள்ளிப் பக்கத்து வீட்டு போர்வெல். இரண்டு வீட்டிலும் குழந்தைகள். கொத்தனார் உறை வாங்கி வரட்டுமா என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல, ஆய்வாளர் வர வேண்டியதில்லை. 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பும் இப்படித்தான், பல வீடுகளில் வரைபடத்தில் ஒரு வட்டமாகவே நின்றுவிட்டது.

நகர் முழுமைக்குமான திட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொடைக்கானலைப் பார்க்கலாம். 1993இல் வந்த மாஸ்டர் பிளான் அங்கே திருத்தப்படாமலேயே இருபத்தைந்து வருடம் ஓடியது. ஊர் மட்டும் நிற்காமல் வளர்ந்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2019இல் விதிமீறிய விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. தனி ஆளின் விதிமீறலையும் அரசின் தாமதத்தையும் அங்கே பிரித்துப் பார்ப்பது கடினம்.

சரி, முன்பெல்லாம் அனுமதி இல்லாமலே கட்டினார்களே, இப்போது ஏன் எல்லோரும் ஓடுகிறார்கள்? வங்கிக் கடன்தான் காரணம். சேமிப்பையும் நகையையும் வைத்துக் கட்டிய காலத்தில் அப்ரூவல் யாருக்கும் தேவைப்படவில்லை. வீட்டுக்கடன் வாங்கப் போனால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் மதிப்பீடும்தான் முதலில் கேட்பார்கள். அஸ்திவாரம், லிண்டல், ரூஃப் என்று கட்டம் கட்டமாகப் பணம் விடும்போது, மதிப்பீட்டாளர் வந்து வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். நகராட்சி பார்க்காததை வங்கி பார்க்கிறது. இன்னொன்று மின் இணைப்பு. கட்டட முடிவுச் சான்று இல்லாமல் இணைப்பு தர மறுத்த பிரச்சினை பல வருடம் ஓடியது. 2024 மார்ச்சில் விதி திருத்தப்பட்டு, 14 மீட்டர் உயரத்துக்குள், 8 குடியிருப்புகளுக்குள், 750 சதுர மீட்டருக்குள் உள்ள குடியிருப்புக் கட்டடங்களுக்கு அந்தச் சான்றிலிருந்து விலக்கு கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று, உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு நாடு முழுவதற்கும் கடுமையான வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. கட்டும் இடத்தில் அனுமதி வரைபடத்தை எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும், விதிமீறிய கட்டடத்துக்கு வங்கிகள் கடன் தரக்கூடாது என்பன அவற்றில் சில. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது.

"வரி கட்டுறோமே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. வீட்டு வரி ரசீது அனுமதி ஆகாது, மின் கட்டண அட்டையும் ஆகாது. அனுமதியில்லாத கட்டடத்துக்கும் உள்ளாட்சி வரி போடும். அதே உள்ளாட்சி நோட்டீஸ் கொடுத்துப் பூட்டி முத்திரையும் வைக்கலாம்.

செலவுக் கணக்கில் கட்டட அனுமதிக் கட்டணத்தை மட்டும் எழுதாதீர்கள். சுயசான்றுக்கு வெளியே போனால் கட்டட உரிமக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதி எல்லாம் தனித்தனியாக வரும். அந்த 1 சதவீதத்தைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுச் சாரத்தில் ஏறும் ஆளுக்கு ஏதாவது ஆனால் அவர் குடும்பத்துக்குப் போகும் பணம் அந்த நல வாரியத்திலிருந்துதான் வருகிறது. குடிநீர் இணைப்பு வைப்புத்தொகை, தெருவைத் தோண்டினால் அதைச் சரிசெய்யும் கட்டணம், சர்வேயர், இன்ஜினியர், நகல்கள் ஆகியவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அத்தையின் வீட்டுக்கு வருகிறேன். வடக்கே குறைந்த 1 அடி 8 அங்குலத்துக்காக வழக்குப் போடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அத்தை பக்கத்து வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். "தம்பி, உன் சுவத்த இடிக்கச் சொல்ல வரல. அளந்து பாத்து உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்துருவோம். நாளைக்கு உன் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் தகராறு வரக்கூடாது" என்றார். சர்வேயர் முன்னிலையில் கல் நட்டார்கள். அந்த இடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தொகை கொடுத்து, அது பத்திரமாகவே பதிவானது. இருவரின் பட்டாவிலும் அளவு மாறியது. பத்திரத்தில் இருந்த 1,800 சதுர அடியில் சுமார் 1,750தான் கடைசியில் வரைபடத்துக்கு வந்தது. முன்பக்கம் 5 அடி விட்டு, வடகிழக்கில் தளம் போட்ட செப்டிக் டேங்க் தொட்டியோடு இன்ஜினியர் பிளான் போட்டார். அதை இணையத்தில் ஏற்றிய அன்று மாலையே ஆணை வந்துவிட்டது. அதைப் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மனையின் முன்னால் வேப்பங்கம்பில் அத்தையே கட்டினார். எதிர்வீட்டுக்காரர் வந்து நின்று படித்துவிட்டு, தன் சாய்வு மேடை எத்தனை அடி தெருவுக்குள் வந்திருக்கிறது என்று டேப் கேட்டு வாங்கினார்.